நீர் மாத்திரை: தானாக நிறுத்தவும் கூடாது, கண்ணை மூடி விழுங்கவும் கூடாது



நமது டிரஸ்ட்டின் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பதுதான். பெரும்பாலோர் "பிபி மாத்திரை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, "அதோட ஒரு நீர் மாத்திரையும் உண்டு காக்கா, ஆனா அத நான் தினமும் போடுறதில்ல" என்பார்கள். ஏன் என்று கேட்டால் காரணங்கள் வரிசையாக வரும். ஜும்ஆவுக்குப் போக வேண்டும், ஒளு நிற்கவில்லை, கலியாண வீடு இருக்கிறது, மதுரைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். பெண்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வெளியூரில் கழிப்பறை தேடி அலைய முடியாது என்று, பயண நாளில் மாத்திரையையும் விட்டு, தண்ணீரையும் குடிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடக்கும்போதும் "டாக்டர் தினமும் போடச் சொன்னார்" என்று அதே மாத்திரையை விழுங்குபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டாலும் ஆபத்து உண்டு என்பதால் இந்த மாதப் பாடத்தை அந்தச் சின்ன மாத்திரைக்கே ஒதுக்கியிருக்கிறோம். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் பொறுப்பு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அது உடலில் என்ன செய்கிறது?

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அத்தனையும் வெளியே போய்விட்டால் மனிதன் ஒரு பொழுதுகூடத் தாங்க மாட்டான். ஆகவே ஒன்றிரண்டு லிட்டரைத் தவிர மற்றதை உப்போடு சேர்த்துத் திரும்பவும் இரத்தத்துக்கே எடுத்துக்கொள்கின்றன. அப்படித் திரும்ப எடுக்கும் வேலையில் ஒரு சிறு பகுதியை நீர் மாத்திரை தடுக்கிறது. உப்பு வெளியேறுகிறது, அதன் பின்னாலேயே நீரும் போகிறது. குழாய்க்குள் இருக்கும் அளவு குறைவதால் அழுத்தமும் குறைகிறது.

இது ஆரம்ப வாரங்களின் கதை. போகப்போக உடல் பழகிக்கொள்ளும். சிறுநீர் ஏறக்குறையப் பழைய அளவுக்கே வந்துவிடும். ஆனாலும் அழுத்தம் கட்டுக்குள் இருக்கும். காரணம், அதற்குள் இரத்தக் குழாய்கள் இளகிக் கொடுக்கத் தொடங்கியிருக்கும். "முன்ன மாதிரி போகல, மாத்திரை வேலை செய்யல" என்று நிறுத்துபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகம் சிறுநீர் போகாவிட்டாலும் மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

"ரொம்ப மலிவான மாத்திரை, இதுல என்ன இருக்கப் போகுது" என்ற எண்ணமும் சிலருக்கு உண்டு. வட அமெரிக்காவில் 33,000 பேருக்கும் அதிகமானோரை வைத்து நடந்த ஆல்ஹாட் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. குளோர்தாலிடோன் என்ற பழைய, மலிவான நீர் மாத்திரையை, அன்று விலை கூடிய புதிய மாத்திரைகளோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் அது எதற்கும் பின்தங்கவில்லை. இதயம் பலவீனமாவதைத் தடுப்பதில் முந்தியே நின்றது.

உங்களிடம் இருப்பது எது?

எல்லா நீர் மாத்திரையும் ஒன்றல்ல. இரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகக் கொடுப்பவை ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைடு ஆகியவை. இவை மெல்ல வேலை செய்பவை. லாசிக்ஸ் என்ற பெயரில் நாம் அறிந்த ஃப்யூரோஸ்மைடு வேறு வகை. ஒரு மணி நேரத்துக்குள் வேகமாக நீரை இறக்கி, சுமார் ஆறு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இதயமோ சிறுநீரகமோ பலவீனப்பட்டு உடலில் நீர் கோத்தவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் தேவைப்படுகிறது. மூன்றாவது வகை ஸ்பைரோனோலாக்டோன். முதல் இரண்டு வகைகளும் உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும், இதுவோ கூட்டும். ஆகவே பக்கத்து வீட்டு லாத்தாவின் நீர் மாத்திரைக்குப் பொருந்தும் யோசனை உங்கள் மாத்திரைக்குப் பொருந்தாமல் போகலாம்.

பலருக்குத் தாங்கள் நீர் மாத்திரை சாப்பிடுவதே தெரியாது. அது தனி மாத்திரையாக இல்லாமல் பிபி மாத்திரைக்குள்ளேயே கலந்திருக்கும். அட்டையில் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கிறது. 'சிடி' என்றிருந்தால் பெரும்பாலும் குளோர்தாலிடோன். 'ஏஎம்' என்பது அம்லோடிபின், அது நீர் மாத்திரை அல்ல.

வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மகன் துபாயிலிருந்து வாப்பாவுக்கு அன்போடு 'மைக்கார்டிஸ் பிளஸ்' வாங்கி அனுப்புகிறார். இங்கே உள்ள டாக்டர் 'டெல்மா-எச்' எழுதிக் கொடுக்கிறார். பெயர் வேறு, நிறம் வேறு, பெட்டி வேறு. வாப்பாவோ காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டையும் சாப்பிடுகிறார். இரண்டிலும் இருப்பது அதே டெல்மிசார்டானும் அதே நீர் மாத்திரையும்தான்! ஒருவருக்கு எழுதியதை ஒருவர் இரண்டு மடங்காகச் சாப்பிடுகிறார் என்பது யாருக்கும் தெரிவதில்லை. ஊரிலிருந்து வந்த பெட்டிகளையும் இங்கே வாங்கிய அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, அப்படியே டாக்டரின் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். இதைவிட எளிய பாதுகாப்பு இல்லை.

இந்த 'எச்' வகைக் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலானவை கர்ப்ப காலத்தில் கூடாதவை. பிபி உள்ள இளம் பெண்கள் பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்தாலே டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

கால் வீங்கியதும் மெடிக்கல் ஷாப்பில் லாசிக்ஸ் கேட்டு வாங்கும் பழக்கம் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் பலருக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கும். அந்த வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக வற்றாது. அம்லோடிபினைக் குறைத்தாலோ மாற்றினாலோதான் சரியாகும். மாத்திரை தந்த வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை, அது தந்த தலைசுற்றலுக்கு மூன்றாவது மாத்திரை என்று பை நிறைந்துகொண்டே போகும்.

எப்போது சாப்பிடுவது?

தினம் ஒரு வேளை என்றால் காலையில்தான். சுப்ஹு தொழுதுவிட்டு வந்து, பசியாறும்போது போட்டுக்கொண்டால் நினைவில் நிற்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு சுமார் இரண்டு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஏழு மணிக்குப் போட்டால் லுஹர் நேரத்துக்குள் பெரும் நெருக்கடி ஓய்ந்துவிடும். இரவில் போட்டால் தூக்கம் கெடுவதோடு போகாது. வயதானவர்கள் இருட்டில் கழிப்பறைக்கு எழுந்து போய் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட வீடுகள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன.

ஜும்ஆ, பயணம், கலியாணம் என்றால் என்ன செய்வது? இதை டாக்டரிடம் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அன்றைக்கு மட்டும் சில மணி நேரம் தள்ளி, காரியம் முடிந்து வந்து போட்டுக்கொள்ள அநேகமாக அனுமதிப்பார். விட்டுவிடுவது வேறு, தள்ளிப் போடுவது வேறு. காலையில் மறந்துவிட்டு மதியம் நினைவு வந்தால் அப்போதே போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்பது ஒன்று, அடக்க முடியாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்பது வேறொன்று. முதலாவதற்கு மறுபடி ஒளுச் செய்துகொள்வதுதான், அதற்காக மருந்தை விட வேண்டியதில்லை. இரண்டாவது உள்ளவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளில் அதன் விவரம் சற்று வேறுபடும். கூச்சப்படாமல் ஹஜ்ரத்திடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

ஒரு மாமியின் குழப்பம்

எழுபதைத் தாண்டிய மாமி ஒருவர். அழுத்தம் குறையவில்லை என்று பழைய மாத்திரையோடு ஒரு நீர் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லவில்லை, அல்லது சொன்னது வீட்டாருக்கு விளங்கவில்லை. "உப்பைக் குறைங்க" என்றதை மாமி அப்படியே பிடித்துக்கொண்டு, உப்பில்லாத கஞ்சியும் செம்பு செம்பாகத் தண்ணீருமாக இருந்தார். பத்துப் பதினைந்து நாளில் குமட்டல், தலைவலி, அசதி. பிறகு பேரனைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். தொழுகைப் பாயில் உட்கார்ந்தவருக்கு எத்தனை ரக்அத் என்பது பிடிபடவில்லை. வீட்டில் முதலில் வயசு என்றார்கள், பிறகு கண்ணூறு என்றார்கள், கடைசியில் தண்ணீர் ஓதி வாங்க ஆள் போனது.

ஓதிக் கொடுத்த ஹஜ்ரத்தே கேட்டிருக்கிறார்: "ஓதித் தர்றேன், அது இருக்கட்டும். புதுசா ஏதும் மருந்து கொடுக்கிறீங்களா? இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." அந்த ஒரு கேள்விதான் மாமியைக் காப்பாற்றியது, அல்ஹம்துலில்லாஹ். இரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அவருக்கு 120க்குக் கீழே போயிருந்தது. இன்னும் இறங்கியிருந்தால் வலிப்பு வந்திருக்கும். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மெதுமெதுவாக ஏற்றினார்கள். இதை வேகமாக ஏற்றினால் மூளைக்கே கேடு வரும். ஆகவே வீட்டில் உப்புத் தண்ணீரைக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. மாமி இப்போது வேறு மாத்திரையில் நலமாக இருக்கிறார்.

நீர் மாத்திரையால் சோடியம் இறங்குவது எல்லோருக்கும் வருவதில்லை. வயதானவர்களுக்கு, அதிலும் மெலிந்த உடல்வாகுள்ள பெண்களுக்கு, பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் வருகிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் திடீரென்று தடுமாறினால், உளறினால், சோர்ந்து விழுந்தால், அது முதுமை மறதி என்று முடிவு கட்டாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். நாலைந்து நாளில் வருவதற்கு வேறு காரணம் இருக்கும், அதை அன்றே தேட வேண்டும். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. இரத்தப் பரிசோதனையும் அதே நாளில் நடக்கட்டும்.

பொட்டாசியம் குறைவதன் அடையாளம் வேறு: இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, கை கால் சோர்வு, நெஞ்சு படபடப்பு. டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. "அப்ப தினமும் இளநீர் குடிக்கலாமா?" என்று கேட்பீர்கள். சாதாரண நீர் மாத்திரை சாப்பிடுகிற, சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு இளநீரும் வாழைப்பழமும் நல்லதே. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவரும், கிரியேட்டினின் கூடியவரும் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கிறார்கள், அதுவும் இவர்களுக்கு ஆகாது. கட்டைவிரல் மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து வலித்தால் யூரிக் ஆசிட் கூடியிருக்கலாம். சுகர் சற்று ஏறலாம். இதற்கெல்லாம் மாற்று உண்டு. நீங்களாக நிறுத்தாமல் போய்க் காட்டுங்கள்.

சீட்டில் இல்லாத மருந்துகள்

முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்குளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் நீர் மாத்திரைக்கு எதிரிகள். அழுத்தத்தை ஏற்றிவிடும், சிறுநீரகத்தையும் நெருக்கும். 'எச்' வகைக் கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர் வலி மாத்திரையையும் சேர்த்தால் மூன்று மருந்துகள் ஒரே நேரத்தில் சிறுநீரகத்தின் மேல் சுமையாக ஏறுகின்றன. வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.

இருமலுக்கு அதிமதுரம் சப்புவது நம் வீடுகளில் வழக்கம். ஒரு நாள் இரண்டு நாளைக்குச் சரி. அதையே வாரக்கணக்கில் கஷாயமாகக் குடித்தால் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நாட்டு மருந்துதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறோம்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே தட்டில் வந்தால் மாத்திரை காலையில் இறக்கிய உப்பை மதியமே திரும்ப ஏற்றிவிடுகிறோம். குறைப்பது என்றால் அந்த மாமியைப் போல அடியோடு விடுவது என்றும் அர்த்தமல்ல.

வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல் வந்த நாள் வேறு கணக்கு. உடலில் நீர் ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும்போது நீர் மாத்திரையும் சேர்ந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும், சிறுநீரகம் நின்றுபோகவும் கூடும். அன்றே டாக்டருக்குப் போன் செய்து, "இன்னைக்கு நீர் மாத்திரை போடலாமா, எத்தனை நாளைக்கு நிறுத்தி வைக்கணும், எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்?" என்று கேளுங்கள். நல்லபடியாக இருக்கும் காலத்திலேயே இதைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

நோன்பிலும் ஹஜ்ஜிலும்

நம் ஊரில் நோன்பு நேரம் பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டும். ஸஹரில் நீர் மாத்திரையைப் போட்டால், அது நீரை இறக்கும் நேரத்தில் ஒரு மிடறு குடிக்கவும் வழியில்லை. வெயில் ஏறும்போது தலை சுற்றும், அஸருக்கு எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். அதனால் பல டாக்டர்கள் ரமளானில் இந்த மாத்திரையை நோன்பு திறந்த பிறகு போடச் சொல்கிறார்கள், அல்லது அளவைக் குறைக்கிறார்கள், அல்லது ஒரு மாதத்துக்கு வேறு மாத்திரை தருகிறார்கள். எது உங்களுக்கு என்பதை ஷஃபானிலேயே கேட்டுவிட வேண்டும். பிறை பார்த்த இரவில் கேட்டால் யார் பதில் சொல்வது? தராவீஹுக்கு இடையில் எழுந்து போக நேரிடும் என்று தயங்குபவர்கள் வரிசையின் ஓரத்தில் நின்றுகொள்ளட்டும். நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவுமாக உப்பு ஏறுவதையும் கவனிக்க வேண்டும்.

இதயம் பலவீனப்பட்டு லாசிக்ஸ் சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகம் கெட்டவர்களும் நோன்பு வைக்கலாமா என்பதை டாக்டரிடமும் ஆலிமிடமும் சேர்த்தே கேட்க வேண்டும். நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாகவே தந்திருக்கின்றன. குணமாகக்கூடியவருக்குக் களா, குணமாக வழியில்லாதவருக்கு ஃபித்யா. ரப்பு தந்த சலுகையை எடுத்துக்கொள்வதை ஈமானின் குறைவாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. நோன்பு வைத்தபின் மயக்கமோ குழப்பமோ கண்டால் உடனே திறந்துவிட வேண்டும்.

ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு இதே கணக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி வரை போனது, 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அப்படிப்பட்ட வெயிலில் தவாஃபும் ஸயீயும் மினா நடையும் செய்யப் போகிறவர், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது நீர் மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசியிருக்க வேண்டும். மாத்திரைகளை லக்கேஜில் போடாமல், சீட்டின் நகலோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கூட்டத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் அங்கே நம்மவர்கள் அதிகம் செய்வது.

என்ன பரிசோதனை?

நீர் மாத்திரை தொடங்கும் முன் ஒரு தடவை, தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் பார்க்க வேண்டும். அளவைக் கூட்டினாலும் திரும்பப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இவற்றைப் பார்க்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்களும், மாத்திரைதான் வந்துவிடுகிறதே என்று பரிசோதனையை விட்டுவிட வேண்டாம்.

வீட்டில் பிபி பார்ப்பவர்கள் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் இருந்து பாருங்கள். பிறகு எழுந்து நின்று, ஓரிரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் அதையும் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் விழும் ஆபத்து குறையும்.

டிரஸ்ட் அலுவலகத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை பிபி பார்க்கிறோம். பெண்களுக்குத் தனி அறை உண்டு. இரத்தப் பரிசோதனைக்குப் பணம் தடையாக இருப்பவர்கள் சீட்டோடு வந்தால் டிரஸ்ட் செலவில் எடுத்துத் தரப்படும். பெயர் வெளியே போகாது. வரும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், வெளிநாட்டுப் பெட்டிகளையும் சேர்த்து ஒரே பையில் கொண்டு வாருங்கள்.